பதினோரு முடிச்சு

மண்டபம்
6.4.2025

அன்புள்ள நஃபீசா அக்காவுக்கு,

என் பெயர் சத்யப்பிரியா. கடலாடிக்குத் தெற்கே ஒரு கிராமம். சுல்தான் அண்ணன் வேலை பார்த்த மிதவை பார்ஜில் பாதுகாப்புப் பதிவு எழுதுகிறவள் நான். எந்த டைவர் எத்தனை மணிக்குக் கடலில் இறங்கினார், எவ்வளவு ஆழம், எப்போது ஏறினார், ஏறிய பிறகு உடம்புக்கு ஏதும் செய்ததா என்று குறித்துக்கொள்வது என் வேலை. பார்ஜில் நான் ஒருத்திதான் பெண். அண்ணன் வீட்டில் என்னைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். சொல்லாமலும் இருந்திருக்கலாம்.

உங்கள் எண்ணை மூன்று முறை எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். குடும்பத்தாரிடம் யாரும் பேசக் கூடாது என்று கம்பெனியில் சொல்லியிருக்கிறார்கள். அது மட்டும் காரணமில்லை. எனக்குப் பேச வராது. கல்லூரியில் மூன்று வருடம் ஆஜர் சொல்வதற்கே தொண்டையைச் சரிசெய்துகொள்வேன். அதனால் எழுதி, காஜா நவாஸ் அண்ணனிடம் கொடுத்து அனுப்புகிறேன். மார்ச் 19ஆம் தேதி தண்ணீருக்கடியிலிருந்து ஃபோன் கம்பியில் வரும் சுல்தான் அண்ணனின் குரல் கேட்காமல் போனதும், உடனே குதித்து அவரை மேலே கொண்டுவந்தது காஜா அண்ணன்தான் என்று உங்களுக்குத் தெரியும்.

அண்ணனின் சாமான்கள் என் மேசை இழுப்பறையிலேயே இருந்தன. இறங்குவதற்கு முன் டைவர்கள் எல்லோரும் கையில் இருப்பதைக் கழற்றி என்னிடம் கொடுப்பார்கள். கைக்கடிகாரம், ஒரு நைலான் கயிறு, சட்டைப்பையில் இருந்த பேரீச்சம்பழப் பொட்டலம். பழத்தை எறும்பு மொய்த்துவிட்டது. எறிய மனம் வராமல் வேறு தாளில் மடித்து வைத்திருக்கிறேன்.

அன்று அவரைத் தூக்கி மேலே கிடத்தியபோது எல்லோரும் ஓடினார்கள். நான் மேசையை விட்டு எழவில்லை. 11.26 என்று நேரம் எழுதினேன். அதுதான் என் வேலை என்று எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். இப்போது எப்படி இருக்கிறார்?

மன்னிக்கவும்.

சத்யப்பிரியா


பெரியபட்டினம்
13.4.2025

சத்யப்பிரியாவுக்கு,

சாமான் வந்துச்சு. எப்படி இருக்காருன்னு கேட்டீங்க. நடக்குறாரு, சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு. இடது கை நடுங்குது. பழசெல்லாம் சுத்தமா ஞாபகம் இருக்கு. எங்க நிக்காஹ்ல யார் யார் வரலைங்கிறது வரைக்கும் சொல்றாரு. இன்னைக்குக் காலையில என்ன சாப்பிட்டோம்னு கேட்டா முழிக்கிறாரு. மூளைக்குக் காத்து போகாம இருந்த நேரம் அப்படிப் பண்ணிருச்சுன்னு டாக்டர் சொன்னாரு.

என்ன மன்னிப்புன்னு எனக்கு விளங்கல. நேரம் எழுதினதுக்கா? இல்ல, இன்னொண்ணு எழுதினீங்களே அதுக்கா?

கம்பெனியில இருந்து ரெண்டு பேர் வந்தாங்க. ஒரு ஃபாரத்தை எடுத்துக் காட்டினாங்க. மார்ச் 11, டைவர் தலைவலி, வாந்தி, காரணம் நோன்பு காலக் களைப்பு. அழகான கையெழுத்து. உங்க கடிதத்தைப் பிரிச்சதும் அதே கையெழுத்துன்னு தெரிஞ்சுக்கிட்டேன். எட்டு நாள் முன்னாடியே எச்சரிக்கை இருந்திருக்கு, அப்படியும் நோன்போட இறங்கினா நாங்க என்ன செய்யன்னு கேட்டாங்க. டீயைக் குடிச்சிட்டுத்தான் கேட்டாங்க.

இப்ப தெரு முழுக்க அதே பேச்சு. காஜா நவாஸையும் இன்னும் ரெண்டு பேரையும் வேலைக்கு வர வேணாம்னுட்டாங்க. நோன்பு பிடிக்கிற ஆளுகளை இனி எடுக்கிறதில்லையாம். ஒரு ஊருப் பிள்ளைகளோட பிழைப்பை ஒரு வரியில எழுதி முடிச்சிட்டீங்க.

உங்களைச் சொல்லி என்ன. எங்க வாப்பா மவுத்தாகி அடக்கம் பண்ணின வருஷம், இனி ஒரு நோன்புகூட விடக் கூடாதுன்னு கட்டின மச்சான்கிட்ட வாக்கு வாங்கினவ நான். கடல் வேலை செய்யிற ஆளுக்கு விட்டுட்டுப் பின்னால பிடிக்கச் சலுகை உண்டுன்னு பள்ளிவாசல் ஹஜ்ரத் இப்பச் சொல்றாரு. எனக்கு அப்பத் தெரியல. தினம் விடியுமுன்னே ஸஹர் சாப்பாட்டுக்குத் தட்டி எழுப்பி, நானே ஊட்டாத குறையா அனுப்பினேன். அவரைக் கடலுக்குள்ள விழ வச்சது நான்தான்னு ராத்திரி பகலா நினைச்சுக்கிட்டுக் கிடக்கேன்.

அந்த நைலான் கயிறு எதுக்கு? பதினோரு முடிச்சு இருக்கு. கேட்டா மூஞ்சியைத் திருப்பிக்கிறாரு.

நஃபீசா


மண்டபம்
17.4.2025

அன்புள்ள அக்கா,

அந்தப் படிவத்தை சூப்பர்வைசர் தங்கப்பாண்டி சார் சொல்லச் சொல்ல எழுதினேன். சார் சொன்னால் எழுத வேண்டியது என் வேலை. ஆனாலும் நீங்கள் உங்களை இப்படி வருத்திக்கொள்ள வேண்டாம். உங்களால் எதுவும் நடக்கவில்லை என்றே நினைக்கிறேன். கயிற்றைப் பற்றி எனக்குத் தெரியாது. தினம் சாயங்காலம் வேலை முடிந்து கிளம்பும்போது அதில் ஏதோ செய்வார். அவ்வளவுதான் பார்த்தேன்.

அண்ணனுக்குச் சீக்கிரம் குணமாகட்டும்.

சத்யப்பிரியா


பெரியபட்டினம்
19.4.2025

உங்களால் எதுவும் நடக்கவில்லை என்றே நினைக்கிறேன்னு எழுதியிருக்கீங்க. எதை வச்சு நினைக்கிறீங்க? ஒண்ணு தெரியும்னு எழுதுங்க, இல்ல தெரியாதுன்னு எழுதுங்க. தெரிஞ்சுக்கிட்டே தெரியாத மாதிரி எழுதுற தாளை இனிமே காஜாகிட்டக் கொடுத்துவிட வேணாம்.

நஃபீசா


மண்டபம்
22.4.2025

நஃபீசா அக்காவுக்கு,

தெரியும்.

சுல்தான் அண்ணன் அன்று நோன்பு இல்லை. கடலில் இறங்கிய எந்த நாளிலும் நோன்பு இல்லை.

எனக்குத் தெரிய வந்தது மார்ச் 4ஆம் தேதி. கேபினுக்குப் பின்னால் என் தண்ணீர் பாட்டிலைத் தேடிப் போனேன். அவர் கையில் இருந்தது. பாதி காலி. என்னைப் பார்த்ததும் திருடிய பிள்ளை மாதிரி நின்றார். பிறகு சிரித்துக்கொண்டே, “ஏம்மா, இந்தத் தண்ணி உனக்கும் எனக்கும் கடலுக்கும் மட்டும் தெரிஞ்சாப் போதும்,” என்றார். வெறும் வயிற்றில் இறங்கினால் தன் தப்புக்கு, காப்பாற்றக் குதிக்கிறவனும் சேர்ந்து சாக வேண்டிவரும், விட்ட நாளையெல்லாம் பெருநாளுக்குப் பிறகு பிடித்துவிடுவேன், வீட்டில் ஒரு வாக்கு இருக்கிறது என்றார். மறுநாளிலிருந்து நான் இரண்டு பாட்டில் கொண்டுபோனேன்.

மற்ற மூன்று பேரும் நோன்பு. அவர்கள் வெயிலுக்கு முன் முடித்துக்கொள்ளட்டும் என்று காலை முறையை அவர்களுக்கு விட்டுக்கொடுத்து, பத்தரை மணிக்கு மேல் இறங்கும் முறையை அண்ணன் தனக்கு வைத்துக்கொண்டார். பழைய இறங்குதளத்தின் தூண்களில் ஒட்டியிருக்கும் சிப்பியைச் சுரண்டி விரிசல் பார்க்கும் வேலை. எட்டு மீட்டருக்கு மேல் ஆழமில்லை.

11ஆம் தேதி ஏறியதும் வாந்தி எடுத்தார். தலையைப் பிடித்துக்கொண்டு, “காத்து கசக்குது, டீசல் குடிச்ச மாதிரி இருக்கு,” என்றார். அதை நான் கேட்டேன். தங்கப்பாண்டி சாரும் கேட்டார். சார் சிரித்து, “ஏலே, பட்டினி கிடந்தா பச்சைத் தண்ணிகூடக் கசக்கும். எழுதும்மா, நோன்பு காலக் களைப்பு,” என்றார். மூன்று பேரும் சுற்றி நிற்கிறார்கள். அண்ணன் என்னைப் பார்த்தார். இவர் நோன்பே இல்லை என்று நான் சொன்னால், அவர்கள் முன்னால் அவர் மானம் போகும். டீசல் என்று மட்டுமாவது எழுதியிருக்கலாம். எனக்கு அப்போது அது தோன்றவில்லை. அவரைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து, சார் சொன்னதை அப்படியே எழுதினேன். எழுதிய பிறகு அவர் எனக்குத் தலையசைத்தார், நன்றி சொல்வது போல. அந்தத் தலையசைப்பு எனக்குப் பெருமையாக இருந்தது அக்கா. அதைச் சொல்லாமல் விட்டால் இதுவும் அரைகுறைக் கடிதமாகிவிடும்.

நான் வேதியியல் படித்தவள். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். எஞ்சின் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கும், அதற்கு நிறமோ மணமோ கிடையாது, ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்று பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். டைவர் மூச்சுக்குக் காற்று அனுப்பும் கம்ப்ரஸர் என் மேசையிலிருந்து நாலடி தூரத்தில் இருக்கிறது. அதற்கு அந்தப் பக்கம் ஜெனரேட்டர். காலையில் வாடைக்காற்று புகையைக் கடல் பக்கம் கொண்டுபோய்விடும். பத்து மணிக்கு மேல் காற்று திரும்பித் தெற்கிலிருந்து வரும். அப்போது புகை எங்கள் பக்கம் வந்தாலும் மேசையைத் தாண்டிப் போய்விடும். போய்க்கொண்டுதான் இருந்தது. மார்ச் 8ஆம் தேதி என் மேசைக்கு நிழலாக ஒரு தார்ப்பாய் கட்டப்பட்டது. தலைக்கு மேலே மட்டுமல்ல, பின்னாலும் சுவர் மாதிரித் தொங்கியது. அதன் பிறகு புகை அதில் முட்டித் திரும்பி, கம்ப்ரஸர் காற்றை இழுக்கும் வாயிலேயே சுழன்றது. எனக்கும் மத்தியானம் தலை வலிக்கும். வெயில் என்று நினைத்து மாத்திரை போட்டுக்கொண்டேன்.

காலையில் இறங்கிய மூன்று பேருக்கும் ஒன்றுமில்லை. தண்ணீர் குடித்துவிட்டு இறங்கிய ஒருவருக்குத்தான் ஆயிற்று. இது ஒன்றே போதும் புரிந்துகொள்ள. காஜா அண்ணன் சிலிண்டர் காற்றோடு குதித்ததால் தப்பினார்.

19ஆம் தேதி அண்ணனைப் படகுக்குத் தூக்கிப் போக ஸ்ட்ரெச்சர் கிடைக்கவில்லை. அந்தத் தார்ப்பாயை அறுத்து அதில்தான் வைத்துத் தூக்கினார்கள். அதனால் அடுத்த நாள் பார்க்க வந்தவர்கள் கண்ணில் அது படவில்லை. இப்போது ஸ்டோரிலிருந்து புதிதாக ஒன்று வாங்கி, அதே இடத்தில் கட்டியிருக்கிறார்கள். மேடத்துக்கு வெயில் ஆகாது என்று சொல்லிக் கட்டினார்கள். மே 5ஆம் தேதி வெளியூர் டைவர்கள் வருகிறார்கள். நோன்பு இல்லாதவர்கள், அதனால் ஆபத்தில்லை என்று எல்லோரும் நிம்மதியாக இருக்கிறார்கள்.

28ஆம் தேதி அரசாங்கத்திலிருந்து ஓர் அதிகாரி விசாரிக்க வருகிறார். என்னையும் கேட்பார்கள். தார்ப்பாயைச் சொன்னால் படிவத்தை நீட்டுவார்கள். படிவம் பொய் என்றால், எப்படித் தெரியும் என்பார்கள். அண்ணன் தண்ணீர் குடித்ததைச் சொல்ல வேண்டிவரும். அது உங்கள் ஊர் வரைக்கும் வரும். நீங்கள் சம்மதித்தால் மட்டும் சொல்கிறேன். வேண்டாம் என்றால் வேறு வழி யோசிக்கிறேன்.

சத்யப்பிரியா


பெரியபட்டினம்
25.4.2025

சத்யப்பிரியா,

உன் கடிதத்தை நாலு தடவை படிச்சேன். நீங்கன்னு எழுத இனி வரமாட்டேங்குது, கோபத்துலயும் சரி, மத்ததுலயும் சரி.

முதல்ல கோபத்தைச் சொல்லிடுறேன். அன்னைக்கு அவர் தலையசைச்சாருன்னு எழுதின. இன்னைக்கு என்னைத் தலையசைக்கச் சொல்ற. நான் வேணாம்னு சொல்லி, அடுத்த மாசம் எவனோ ஒருத்தன் அந்தக் காத்தைக் குடிச்சுச் செத்தா, நஃபீசா அக்கா சம்மதிக்கலன்னு நோட்டுல எழுதுவியா? சம்மதம் கேக்குறது மரியாதைன்னு நீ நினைக்கிற. என் தலையில இறக்கி வைக்கிறன்னு எனக்குத் தோணுது.

மச்சான்கிட்டக் கேட்டேன். முற்றத்துல உக்காந்து கயித்தை வச்சுக்கிட்டிருந்தாரு. பழசு எல்லாம் ஞாபகம் இருக்குன்னேன்ல. கேட்டதும் அழுதாரு. பதினோரு நாள் தண்ணி குடிச்சேன், ஒவ்வொரு நாளைக்கும் ஒரு முடிச்சு, பிடிச்சுக் கழிக்க வேண்டிய நோன்புன்னாரு. கடல்ல ஆழம் அளக்கக் கயித்துல முடிச்சுப் போடுற ஆளு, விட்ட நோன்புக்கும் முடிச்சுப் போட்டு வச்சிருக்காரு. பன்னிரண்டாவது போட நேரமில்லாமப் போச்சுன்னு சொல்லி, அந்த நடுங்குற கையால என் முன்னாடியே போட்டாரு. கால் மணி நேரம் ஆச்சு. உதவப் போனேன், கையைத் தட்டிவிட்டாரு.

அன்னைக்கு முழுக்க நான் அவர்கிட்டப் பேசல. தண்ணி குடிச்சதுக்கு இல்ல. வீட்டுக்கு வந்து நோன்பு திறக்கிற நேரம் என் முன்னாடி உக்காந்து, நான் கொட்டை எடுத்துக் கொடுத்த பேரீச்சம்பழத்தை முதல்ல வாயில போட்டாரே, அதுக்கு. அப்புறம் யோசிச்சேன். உண்மையைச் சொல்ல முடியாத மாதிரி ஒரு வாக்கை வாங்கி வச்சது யாரு? நான் அவரைப் பட்டினி போட்டுக் கொல்லப் பார்த்தேன்னு இருந்தேன். இப்ப அவரைப் பொய் சொல்ல வச்சேன்னு ஆயிருச்சு. பாரம் இறங்கல, தோள் மாறியிருக்கு.

இன்னொண்ணு. நீ எழுதாம விட்டுட்ட. தார்ப்பாய் கட்டப்பட்டதுன்னு எழுதியிருக்க. தானா கட்டிக்குமா? அவரே சொன்னாரு. “நான்தான் கட்டினேன். அந்தப் புள்ள வெயில்ல கருகிக்கிட்டு எழுதுச்சு. பின்னாலயும் இறக்கிக் கட்டு, எதிர் வெயில் அடிக்காதுன்னு எனக்கே நான் சொல்லிக்கிட்டுக் கட்டினேன்.” இதை மறைச்சு அவரைக் காப்பாத்தப் பார்த்தியா? இல்ல, அவர் உனக்காகக் கட்டினதைச் சொல்லக் கூச்சப்பட்டியா? எதுவா இருந்தாலும் ஏற்கெனவே ஒரு தடவை காப்பாத்தினது போதும்.

எழுதச் சொல்றாரு. யார் கட்டினா, எதுக்குக் கட்டினாங்கிறதையும் எழுதச் சொல்றாரு. ஊருல பேசுறதை நான் பார்த்துக்கிறேன். வாய் எனக்கும் இருக்கு.

நஃபீசா


மண்டபம்
8.6.2025

நஃபீசா அக்காவுக்கு,

இத்தனை நாள் எழுதாததற்குக் காரணம், நல்ல செய்தி ஒன்றாவது சேரட்டும் என்று காத்திருந்தேன்.

ஏப்ரல் 28ஆம் தேதி பேசினேன். பேசினேன் என்று சொல்வது பெரிய வார்த்தை. முதல் நாள் இரவே எழுதி வைத்திருந்ததை வாசித்தேன். படிவத்தில் நான் எழுதிய காரணம் உண்மையில்லை என்று எனக்கு எழுதும்போதே தெரியும், டைவர் காற்று கசக்கிறது என்று சொன்னதை நான் பதிவு செய்யவில்லை என்பதிலிருந்து ஆரம்பித்தேன். அதிகாரி நிமிர்ந்து பார்த்து, ஏன் அப்படி எழுதினீர்கள் என்று கேட்டார். தாளில் அதற்குப் பதில் இல்லை. “அவர் முகத்தைப் பார்த்தேன், சார். கம்ப்ரஸரைப் பார்க்கல,” என்றேன். அது எப்படி வாயிலிருந்து வந்தது என்று தெரியவில்லை.

தங்கப்பாண்டி சார் அங்கேயே கேட்டார். “இந்த வாய் இத்தனை நாளா எங்கம்மா இருந்துச்சு?” அவர் கேட்டதில் தப்பில்லை. அவரும் அன்றிலிருந்து சரியாகத் தூங்குவதில்லை என்று பிறகு தெரிந்தது.

மறுநாள் பார்ஜில் சோதித்தார்கள். ஜெனரேட்டரை ஓடவிட்டு, கம்ப்ரஸர் வாயில் கார்பன் மோனாக்சைடு காட்டும் ஒரு மீட்டரை வைத்துக் காத்திருந்தார்கள். ஒன்பது மணிக்கு ஒன்றுமில்லை. பத்துக்கும் ஒன்றுமில்லை. எல்லோரும் என்னைப் பார்க்க ஆரம்பித்தார்கள். பத்தே முக்காலுக்குக் காற்று திரும்பியது. தார்ப்பாய் ஒரு தடவை உப்பி அடங்கியது. மீட்டர் கத்தத் தொடங்கியது, நிறுத்தும்வரை கத்தியது. நான் சொன்னது சரியென்று ஆனதும் எனக்கு நிம்மதி வரும் என்று நினைத்திருந்தேன். மார்ச் 11ஆம் தேதியே இந்த மீட்டரை இங்கே வைத்திருக்கலாம் என்பதுதான் தோன்றியது.

நோன்பு பற்றிய உத்தரவைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். காஜா அண்ணனும் மற்ற இருவரும் வேலைக்கு வந்துவிட்டார்கள். கம்ப்ரஸரின் காற்றுக் குழாயை உயரமான கம்பத்தில் ஏற்றி, புகைக்கு எட்டாத பக்கம் திருப்பியிருக்கிறார்கள். தினம் மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் ஆள் இறங்க வேண்டும். எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள், பொய்ப் பதிவு எழுதியதற்கு. என்னைப் பெற்ற அய்யாவிடம் சொன்னேன். என் அடையாள அட்டையின் நகலை மிளகாய் வியாபாரியிடம்கூடக் காட்டுகிற மனிதர். “வேலை போயிருமா?” என்று மட்டும் கேட்டார். போகவில்லை என்றதும் காயும் மிளகாயைப் புரட்டிவிடப் போய்விட்டார்.

எல்லாத் தளங்களுக்கும் அனுப்ப ஒரு பாடக் குறிப்பு எழுதச் சொன்னார்கள். தமிழில், ஒரே பக்கம், ஆள் பெயர் இல்லாமல். அதன் நகலை இதனுடன் வைத்திருக்கிறேன். ‘பதிவு எழுதுபவரின் மேசைக்கு நிழலுக்காக ஒரு டைவர் கட்டிய தார்ப்பாய், புகையைக் கம்ப்ரஸர் பக்கம் திருப்பியது’ என்று எழுதியிருக்கிறேன். ‘நிழலுக்காக’ தேவையில்லை, எடுத்துவிடலாம் என்றார்கள். எடுக்கவில்லை. ‘தலைவலி என்று ஒருவர் சொன்னால், முதலில் அவர் வாழ்க்கையில் காரணம் தேடாதீர்கள், காற்றில் தேடுங்கள்’ என்பதும் என் வரிதான்.

வியாழக்கிழமை வேலை ஆரம்பிக்கும் முன் நானே அதை எல்லோர் முன்னாலும் வாசித்தேன். ஒரு வெளியூர் டைவர் கொட்டாவி விட்டார். காஜா அண்ணன் எழுந்து, போய்க் குழாய் வாயில் மூக்கை வைத்து முகர்ந்துவிட்டு வந்தார். அந்த வாயுவுக்கு மணம் கிடையாது, முகர்ந்து பயனில்லை என்று சொல்ல நினைத்தேன். மீட்டரை எடுத்துக்கொண்டு அவர் பின்னால் போனேன்.

என் மேசைக்கு மேலே இப்போது எதுவும் இல்லை. குடை தருகிறோம், தகரம் போடுகிறோம் என்கிறார்கள். வேண்டாம் என்றுவிட்டேன். வெயிலில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். அப்படி உட்கார்ந்தால்தான் எழுத முடிகிறது.

அண்ணனுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவர் மறந்துவிட்டால் பரவாயில்லை.

சத்யப்பிரியா


பெரியபட்டினம்
15.6.2025

தங்கச்சி சத்யப்பிரியாவுக்கு,

பக்ரீத் முடிஞ்சு வீடு இப்பத்தான் ஓய்ஞ்சுச்சு. மச்சான் நோன்பு பிடிக்கக் கூடாதுன்னு டாக்டர் கண்டிப்பாச் சொல்லிட்டாரு. அதுக்குப் பதிலா ஒரு நாளைக்கு ஒரு ஆளுக்குச் சாப்பாடு கொடுக்கலாம்னு ஹஜ்ரத் வழி சொன்னாரு. வெள்ளிக்கிழமை முதல் ஆள் வந்து சாப்பிட்டுப் போனாங்க. கையலம்பினதும் இவர் உக்காந்து ஒரு முடிச்சை அவிழ்த்தாரு. ஊருல நாலு பேரு பேசினாங்க. நான் அஞ்சு பேச்சுப் பேசினேன். அடங்கிருச்சு.

உன் குறிப்பை அவருக்கு வாசிச்சுக் காட்டினேன். கவனமாக் கேட்டாரு. அந்தத் தார்ப்பாய் வரி வந்ததும் கையைத் தூக்கி நிறுத்தி, “அந்தப் புள்ளைக்கு இப்ப நிழல் இருக்கா?”ன்னு கேட்டாரு.

இருக்குன்னேன்.

சாயங்காலம் என்ன தாளுன்னு கேட்டாரு. வாசிச்சது நினைவில்ல. மறுபடி வாசிச்சேன். அதே வரியில நிறுத்தி, அதே கேள்வி. இன்னைக்குக் காலையில ஒரு தடவை. இப்ப இதை எழுத உக்காரும்போது தாளைப் பார்த்துட்டு இன்னொரு தடவை. ஒவ்வொரு தடவையும் புதுசாக் கேக்குறவர் மாதிரி, அதே கவலையோட கேக்குறாரு.

நீ வெயில்ல உக்காந்து வேகுறதால இவர் கை நடுக்கம் நிக்கப் போறதில்ல. அந்த நிழல்ல ஒரு குத்தமும் இல்ல. அது நின்ன இடம்தான் தப்பு. உன் மேசையைத் தூக்கி அந்த ஜெனரேட்டருக்கு எட்டாத பக்கம் போடச் சொல்லு. காத்து எப்படித் திரும்பினாலும் யாருக்கும் போகிற மூச்சை மறிக்காத இடமாப் பார்த்து, காஜாவை வச்சு ஒரு நிழலைக் கட்டிக்கோ. கட்டினதும் மீட்டரை வச்சுப் பாரு. அப்புறம் உக்காந்து எழுது.

நான் தினம் மூணு தடவை, நாலு தடவை இருக்குன்னு சொல்லிக்கிட்டிருக்கேன். இந்த வீட்டுல இனிமே பொய் வேணாம்னு இருக்கேன். சீக்கிரம் கட்டு.

அக்கா
நஃபீசா